“மிகப் பழைய அமெரிக்கப் பத்திரிகை எது?”: ஒரு வினாடிவினாத் தகராறு

#1 மசிக்கறை (இழையைத் தொடங்கியவர்)

போன சனிக்கிழமை எங்கள் குடியிருப்பில் வினாடிவினா. கடைசிச் சுற்றில் பத்து மதிப்பெண் கேள்வி: அமெரிக்காவில் இன்றும் வெளிவருகிற பத்திரிகைகளில் மிகப் பழையது எது? நான் முந்திக்கொண்டு “ஹார்ட்ஃபோர்டு கூரன்ட், 1764” என்றேன். நடத்தியவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, “நியூ ஹாம்ப்ஷயர் கெஜட், 1756” என்றார். ஆறு மதிப்பெண்ணில் கோப்பை போனது.

வீட்டுக்கு வந்து தேடினால் தலை சுற்றுகிறது. கூரன்ட் தன்னைத்தான் பழையது என்கிறது. கெஜட்டும் அப்படியே. நியூயார்க் போஸ்ட்டும், பிராவிடன்ஸ் ஜர்னலும் அதே பாட்டு. எல்லாருமே மூத்த பிள்ளையாக இருக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோப்பை திரும்பி வராது, தெரியும். மனசாவது ஆறட்டும்.

#2 நூலகப்பூனை

முடியும். ஆளுக்கு ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொண்டால் எல்லாரும் மூத்த பிள்ளைதான்.

கூரன்ட் சொல்வது “தொடர்ந்து வெளிவரும்” பத்திரிகைகளில் பழையது என்று. கெஜட் “நாட்டின் மிகப் பழைய பத்திரிகை” என்கிறது, ‘தொடர்ந்து’ என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு. போஸ்ட் 1801-ல் பிறந்தது, ஆனால் முதல் நாளிலிருந்தே தினசரி. கூரன்ட் 1837 வரை வாரப் பத்திரிகைதான். ஆக ‘தினசரி’ என்ற சொல்லைப் போட்டால் போஸ்ட் முன்னே வந்துவிடும். பிராவிடன்ஸ் ஜர்னல் 1829-ல் தினசரியாக வந்தது. “போஸ்ட் இடையில் நின்றது, நாங்கள் நிற்கவில்லை” என்பது அவர்கள் கட்சி.

உங்கள் கேள்வியை எழுதியவர் “இன்றும் வெளிவருகிற” என்று மட்டும் போட்டிருக்கிறார். ஒரு சொல் கூடவோ குறையவோ இருந்தால் விடையே மாறும். நீங்கள் தோற்றது கேள்வியின் இலக்கணத்தால்.

#3 பழையசோறு

திருமண மண்டபப் பந்தியில் “நான்தான் பெண்ணுக்கு மூத்த மாமா” என்று நாலு பேர் நிற்பது போல இருக்கிறது.

#4 முரண்டன்

பூனையார் கெஜட்டுக்குச் சலுகை காட்டுகிறார். அந்தப் பத்திரிகையின் கதையை முழுசாகச் சொல்ல வேண்டாமா?

1756 அக்டோபர் 7-ல் போர்ட்ஸ்மவுத் ஊரில் டேனியல் ஃபௌல் தொடங்கினார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பாஸ்டனில், ஆட்சிமன்றத்தைக் கேலி செய்த ஒரு துண்டுப் பிரசுரத்தை அச்சடித்ததாகச் சந்தேகப்பட்டு அவரைச் சிறையில் போட்டார்கள். அந்த வெறுப்பில் ஊரை விட்டுக் கிளம்பியவர். கூடவே பிரைமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமையும் வந்தார். கெஜட்டின் கைஅச்சு இயந்திரத்தைப் பல்லாண்டுகள் இழுத்தவர் அவர்தான். ‘நிறுவனர்’ பட்டியலில் அவர் பெயர் வருவதில்லை.

இதெல்லாம் நல்ல பரம்பரைதான். ஆனால் பின்னால் என்ன ஆயிற்று? கைமாறிக் கைமாறி, இருபதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி அந்தப் பெயர் இன்னொரு நாளிதழின் வார இறுதிப் பக்கத்துக்குத் தலைப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் போயிற்று. 1989-ல் ஃபௌல் குடும்ப வழியில் வந்த ஒருவர் அந்தப் பெயரை எடுத்து, பத்திரிகையைப் புதிதாகத் தொடங்கினார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, “இவனுக்கு 230 வயது” என்றால் ஒப்புக்கொள்வீர்களா? மசிக்கறைக்குப் பத்து மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

#5 மசிக்கறை

முரண்டன் அண்ணா, நீங்கள் நல்லா இருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் கூரன்ட் மட்டும் எப்படி நிற்காமல் வந்தது? 1764-க்கும் இன்றைக்கும் நடுவில் சுதந்திரப் போர், உள்நாட்டுப் போர் எல்லாம் இருக்கிறதே?

#6 நூலகப்பூனை

அதற்கு ஒரு பெண்மணியின் கதையைச் சொல்ல வேண்டும்.

தாமஸ் கிரீன் என்ற அச்சுக்காரர் 1764 அக்டோபர் 29-ல் ‘கனெக்டிகட் கூரன்ட்’ (அன்று ஹார்ட்ஃபோர்டு கூரன்ட்டின் பெயர்) என்று ஒரு மாதிரி இதழ் போட்டார். அதன் எண் 00. ஆதரவு கிடைக்குமா பார்ப்போம், கிடைத்தால் ஒன்றிலிருந்து எண்ணலாம் என்ற எச்சரிக்கை. பின்னர் பத்திரிகை எபனேசர் வாட்சன் கைக்குப் போனது. சுதந்திரப் போர் நடுவே, 1777-ல் அவர் அம்மை கண்டு இறந்தார். மனைவி ஹன்னாவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஐந்து சின்னக் குழந்தைகள்.

ஹன்னா கடையை மூடவில்லை. அங்கே தொழில் பழகிய ஜார்ஜ் குட்வின் என்ற இளைஞரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு பத்திரிகையை நடத்தினார். நாலு மாதம்கூட ஆகவில்லை. 1778 ஜனவரியில் அவர்களுக்குக் காகிதம் தந்த ஆலை எரிந்தது. பிரிட்டிஷ் ஆதரவாளர்கள் வைத்த தீ என்பதுதான் அன்றைய பேச்சு. போர்க்காலத்தில் காகிதம் வெளியிலிருந்து வராது. ஆலை போனால் பத்திரிகையும் போயிற்று. ஆலையில் பங்கிருந்த இன்னொரு விதவையையும் சேர்த்துக்கொண்டு ஹன்னா மாகாண மன்றத்துக்கு மனுப் போட்டார். மன்றம் என்ன செய்தது தெரியுமா? லாட்டரி நடத்த அனுமதி கொடுத்தது! சீட்டு விற்ற பணத்தில் ஆலை மறுபடி எழுந்தது. மன்றத்துக்கும் கரிசனம் இருந்தது. அரசு உத்தரவுகளும் படைக்கு ஆள் சேர்க்கும் அறிவிப்பும் மக்களிடம் போக வேறு வழி ஏது?

பக்கத்து மாநிலத்தில் ‘நியூபோர்ட் மெர்க்குரி’ என்று ஒன்று இருந்தது, 1758-ல் தொடங்கியது. பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்தபோது அச்சுக்காரர் இயந்திரத்தை மண்ணில் புதைத்துவிட்டு ஓடினார். கூரன்ட்டை விட ஆறு வயது மூத்தது. ஆனாலும் ‘தொடர்ந்து’ என்ற சொல் அங்கேயே அறுந்துவிட்டது. ஹார்ட்ஃபோர்டை பிரிட்டிஷார் பிடிக்கவில்லை. பாதி ஹன்னாவின் உறுதி, பாதி ஊர் இருந்த இடம்.

#7 ஈயஎழுத்து

பூனையார் சொன்ன ‘காகிதம்’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்று போகலாமா? நான் பதினாறு வருடம் அச்சுக்கோப்பாளராக இருந்தவன். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷின், ஈய எழுத்து, மெய்ப்புத்தாள் என்று வளர்ந்தவன். எனக்கு அரசியலைவிட இதுதான் ருசி.

அந்தக் காலத்துக் காகிதம் மரக்கூழில் செய்ததல்ல. கந்தல் துணி. பருத்தி, லினன். அதனால்தான் அன்றைய பத்திரிகைகளில் “பழந்துணி வாங்கப்படும்” என்ற விளம்பரத்தை அச்சுக்காரர்களே போடுவார்கள். வீட்டுப் பெண்களிடம் கந்தலைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி வேண்டுகோள் எல்லாம் வரும். மேல்சட்டை கிழிந்தால் அது செய்தித்தாளாக மறுபிறவி எடுக்கும். இதில் ஒரு வேடிக்கை: 1764 கூரன்ட் இதழை இன்று எடுத்தால் தாள் இன்னும் வளையும், மடியும். 1900-ஆம் வருடத்து இதழைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மரக்கூழில் உள்ள அமிலத்தின் வேலை அது. மலிவாக ஆன அன்றே சாகவும் ஆரம்பித்தது காகிதம்.

வேலை எப்படி நடக்கும்? தாளை முந்தின நாளே ஈரப்படுத்தி அடுக்கி வைக்க வேண்டும். ஒருவர் தோலுக்குள் கம்பளி திணித்த இரண்டு பந்துகளில் மையைத் தடவி, எழுத்தின் மேல் தட்டித் தட்டி ஒற்றுவார். இன்னொருவர் தாளை வைத்து, உள்ளே தள்ளி, கம்பியைப் பிடித்து இழுப்பார். இரண்டு பேரும் மூச்சு வாங்க வேலை செய்தால் மணிக்கு 240 தாள். அதுவும் ஒரு பக்கம். அப்புறம் கொடியில் போட்டு உலர்த்தி, மறு பக்கம். முரண்டன் சொன்ன பிரைமஸ் இழுத்தது இந்தக் கம்பியைத்தான். ஒரு வாரத்தில் எத்தனை ஆயிரம் தடவை இழுத்திருப்பார் என்று யோசித்தாலே எனக்குத் தோள் வலிக்கிறது.

இந்த வேகத்தில் தினசரி நடத்துவது லேசா? அதனால்தான் பழைய பத்திரிகைகளில் பெரும்பாலானவை வாரப் பத்திரிகைகளாகவே பிறந்தன. தன் அச்சகத்துக்கு நீராவி இயந்திரம் வருமுன்பே, கையால் இயக்கும் இயந்திரத்தை வைத்துக்கொண்டுதான் 1833-ல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே ‘சன்’ பத்திரிகையை ஒரு சென்ட்டுக்கு விற்கத் தொடங்கினார். மற்றவை ஆறு சென்ட். எங்கள் தொழிலில் எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோப்பது மட்டும் 1886-ல் வரி வரியாக ஈயத்தில் வார்க்கும் லினோடைப் இயந்திரம் வரும்வரை கைவேலையாகவே இருந்தது. என் ஊரில் அதற்கப்புறமும் நூறு வருடம் கைவேலைதான், அது வேறு விஷயம்.

#8 குடவோலை

மன்னிக்கவும், நடுவில் நுழைகிறேன். 1756-க்கு முன்னால் பத்திரிகையே கிடையாதா?

#9 நூலகப்பூனை

உண்டு, உயிரோடு இல்லை. 1690 செப்டம்பர் 25-ல் பாஸ்டனில் பெஞ்சமின் ஹாரிஸ் ஒரு பத்திரிகை போட்டார். நாலு பக்கத்தில் மூன்றுதான் அச்சு. நாலாம் பக்கம் வெற்று. வாங்கியவர் தம் கையால் செய்தி எழுதி அடுத்தவருக்கு அனுப்பலாம் என்று. (நம் குழுமத்தின் முப்பாட்டன்!) உரிமம் இல்லை, எழுதியதும் பிடிக்கவில்லை என்று நாலே நாளில் அரசு தடை போட்டது. முதல் இதழே கடைசி இதழ். அப்புறம் 1704-ல் தபால் அதிகாரி ஜான் கேம்ப்பெல் தொடங்கிய ‘பாஸ்டன் நியூஸ்லெட்டர்’ எழுபது வருடத்துக்கு மேல் ஓடியது. அது அரச விசுவாசப் பத்திரிகை. 1776-ல் பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டுக் கப்பலேறியபோது அதுவும் முடிந்தது.

#10 கனெக்டிகட்குளிர்

நான் ஹார்ட்ஃபோர்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறேன். முரண்டன் கூரன்ட்டுக்கு இவ்வளவு வாதாடுவதைப் பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் உள்ளூர்க்காரனாக ஒரு கசப்பைச் சொல்லியாக வேண்டும்.

2020-ல் கூரன்ட் ஹார்ட்ஃபோர்டில் அச்சாவது நின்றது. வேலை பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனது. அதே வருடம் டிசம்பரில் பிராட் தெருவில் இருந்த செய்தி அலுவலகத்தையும் மூடினார்கள். 2021-ல் தாய் நிறுவனமான டிரிப்யூன் பப்ளிஷிங்கை ஆல்டன் குளோபல் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிதி வாங்கியது. ஆக இன்று ஹார்ட்ஃபோர்டு கூரன்ட்டுக்கு ஹார்ட்ஃபோர்டில் அச்சகமும் இல்லை, சொந்தச் செய்தி அறையும் இல்லை. பெயரும் இதழ் வரிசையும் இருக்கின்றன. கெஜட்டைப் பார்த்து ‘பெயர் மட்டும்தானே’ என்று கேட்டவர் இதற்கு என்ன சொல்வார்?

#11 முரண்டன்

நல்ல கேள்வி. கொஞ்சம் குத்துகிறது.

ஆனால் கோயிலை வைத்துப் பாருங்கள். திருப்பணி என்றால் பாலாலயம் செய்து சாமியைத் தற்காலிக இடத்தில் வைப்போம். சில சமயம் வருடக் கணக்கில். அந்தக் காலத்தைக் கோயிலின் வயதிலிருந்து யாரும் கழிப்பதில்லை. ஏனென்றால் பூஜை நிற்கவில்லை. எனக்கு அளவுகோல் அதுதான். கட்டடம் போகட்டும், முதலாளி மாறட்டும். பூஜை நின்றதா, இல்லையா? கூரன்ட்டில் நிற்கவில்லை. கெஜட்டில் நின்றது.

#12 ஈயஎழுத்து

பாலாலயம் என்றதும் மெம்ஃபிஸ் ‘அப்பீல்’ ஞாபகம் வந்துவிட்டது. இதைவிடப் பெரிய பாலாலயம் பத்திரிகை உலகில் கிடையாது.

1841-ல் தொடங்கிய பத்திரிகை. உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பு. 1862 ஜூனில் வடக்குப் படை மெம்ஃபிஸைப் பிடித்தபோது, ஆசிரியர்கள் இயந்திரத்தையும் எழுத்துகளையும் ரயில் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கிரெனாடா ஊரில் சில மாதம். படை அங்கே வந்தது. ஜாக்சன். அங்கேயும் வந்தது. அட்லாண்டா, மான்ட்கமரி, கடைசியாக ஜார்ஜியாவின் கொலம்பஸ். போகிற ஊரிலெல்லாம் மெம்ஃபிஸ் பெயரிலேயே பத்திரிகை. 1865 ஏப்ரலில் கொலம்பஸில் பிடிபட்டு, எழுத்துகள் எல்லாம் நாசமாயின. இயந்திரத்தை மட்டும் முன்னமே ஒளித்து வைத்திருந்தார்கள். அதே நவம்பரில் மெம்ஃபிஸில் மறுபடி இதழ் வந்தது. ‘ஓடும் அப்பீல்’ என்றே பேர் வாங்கியது. அடிமை முறையைக் காக்கும் கட்சிக்காக ஓடிய ஓட்டம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பாராட்டை அளந்துதான் கொடுக்க வேண்டும்.

அதே போரில் விக்ஸ்பர்க் ஊரில் இன்னொன்று. முற்றுகை நீண்டுபோய்க் காகிதம் தீர்ந்தது. ‘டெய்லி சிட்டிசன்’ சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டது. 1863 ஜூலை 2 இதழில், முற்றுகையிட்ட வடக்குப் படையின் தளபதி ஜெனரல் கிராண்ட் ஜூலை 4-ல் விக்ஸ்பர்க்கில் விருந்து சாப்பிடப் போகிறாராமே, முயலைச் சமைப்பதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்று கிண்டல் எழுதினார்கள். ஜூலை 4-ல் ஊர் சரணடைந்தது. உள்ளே வந்த வடக்குச் சிப்பாய்களில் தொழில் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். கோத்து வைத்த பக்கம் அப்படியே கிடந்தது. கீழே ஒரு குறிப்பைச் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள்: கிராண்ட் முயலைப் பிடித்துவிட்டார் என்று. எதிரியின் அச்சகத்தில், எதிரி கோத்த எழுத்துக்குக் கீழேயே பதில். ஒரு அச்சுக்கோப்பாளனாக எனக்கு இதைவிட இனிப்பான பழிவாங்கல் தெரியாது.

#13 பழையசோறு

ஈயஎழுத்து ஐயா தினமும் எழுத வேண்டும்.

#14 சில்லறைக்கணக்கு

நியூயார்க் போஸ்ட் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. நான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் முதல் நிதி அமைச்சராக இருந்த அலெக்ஸாண்டர் ஹாமில்டனும் நண்பர்களும் சுமார் 10,000 டாலர் திரட்டி 1801 நவம்பர் 16-ல் ‘நியூயார்க் ஈவினிங் போஸ்ட்’ என்று தொடங்கினார்கள். ஜெஃபர்சன் ஜனாதிபதி ஆகிவிட்டார், எதிர்க்கட்சிக்கு ஒரு குரல் வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆசிரியர் வில்லியம் கோல்மன் ராத்திரி ஹாமில்டன் வீட்டுக்குப் போவார். அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொள்வார். மறுநாள் தலையங்கம் தயார். பத்திரிகை தொடங்கி எட்டாம் நாள், ஹாமில்டனின் மூத்த மகன் துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டு இறந்தான். மூன்று வருடம் கழித்துத் தகப்பனும் அதே மாதிரி. பத்திரிகை மட்டும் பிழைத்தது. இன்று அந்தப் பத்திரிகையின் கொட்டை எழுத்துத் தலைப்புகளைப் பார்த்தால் ஹாமில்டன் என்ன நினைப்பாரோ!

‘தொடர்ச்சி’ விஷயத்தில் அது சறுக்கியது வேலைநிறுத்தங்களில். 1962 டிசம்பரில் நியூயார்க் அச்சுக்கோப்பாளர் சங்கம் தொடங்கிய போராட்டம் 114 நாள். கணினி வந்து தம் வேலையைத் தின்றுவிடும் என்ற பயம் அதன் அடியில் இருந்தது. போஸ்ட் மட்டும் முதலாளிகள் சங்கத்திலிருந்து விலகி மார்ச் தொடக்கத்திலேயே திரும்பிவிட்டது. 1978-ல் மறுபடி நின்றது. அப்போதும் மற்றவர்களுக்கு முன்னால் திரும்பியது. மொத்தத்தில் பல வாரம் இதழ் இல்லை. முரண்டன் கணக்கில் பூஜை நின்ற கோயில்.

#15 முரண்டன்

வேலைநிறுத்தத்தில் நிற்பதும் ஆள் இல்லாமல் நிற்பதும் ஒன்றா? குருக்கள் கோபித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கோயில் பாழடையவில்லை. இதில் நான் போஸ்ட் பக்கம்.

#16 சில்லறைக்கணக்கு

அளவுகோல் வசதிக்கு ஏற்ப நீள்கிறது, அண்ணா.

போகட்டும். இந்த வயதுச் சண்டையில் ஒன்றை மறக்கிறோம். இவ்வளவு பத்திரிகைகள் பிழைத்ததற்குக் காரணம் தபால். 1792 தபால் சட்டப்படி ஒரு பத்திரிகையை நூறு மைலுக்குள் அனுப்ப ஒரு சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட். கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட். கடிதம் எழுதுகிறவன் காசில் பத்திரிகை சவாரி செய்தது. அதைவிட முக்கியம், ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியருக்குப் பத்திரிகையை இலவசமாகவே அனுப்பலாம். அதனால் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பிட்ஸ்பர்க் கெஜட்டுக்குச் (1786) செய்தியாளர் தேவையில்லை. வருகிற பத்திரிகைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கோத்தால் இதழ் ரெடி. உள்ளூர்ச் செய்தி கொஞ்சம்தான் இருக்கும். சின்ன ஊரில் அது எல்லாருக்கும் முன்னமே தெரியுமே!

#17 பனையோலை (யாழ்ப்பாணம்)

பூனையார் அன்று ஒரு இழையில் எங்கள் ஊர்ப் பழைய பத்திரிகை உதயதாரகை பற்றிக் கேட்டிருந்தவர். இங்கே ஒரு தொடர்பு இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகிறேன்.

1828 பெப்ரவரியில் ஜார்ஜியாவில், நியூ எக்கோட்டாவில், ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ வந்தது. அமெரிக்கப் பழங்குடி மக்களின் முதல் பத்திரிகை. செக்வோயா என்ற மனிதர் தன் மொழிக்குத் தானே எழுத்து வகுத்தார். அந்த எழுத்துகளுக்கு ஈய வார்ப்பு செய்யப்பட்டது பாஸ்டனில், அங்கிருந்த அமெரிக்க மிஷன் சபையின் உதவியோடு. ஆசிரியர் எலியாஸ் புடினோ, செரோக்கி இனத்தவர். அந்த மக்களை நிலத்தை விட்டுத் துரத்தும் அரசியல் முற்றியபோது 1834-ல் பத்திரிகை நின்றது. அடுத்த வருடம் ஜார்ஜியா மாநிலப் படை அச்சு இயந்திரத்தையே பறித்துக்கொண்டு போனது.

அதே பாஸ்டன் சபையின் ஆட்கள்தான் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர்கள். 1841 ஜனவரி 7-ல் தமிழும் ஆங்கிலமுமாக உதயதாரகை வெளிவந்தது அந்த மிஷன் வழியாகத்தான். ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் பெயரைப் பார்த்து நினைப்பது போல வெள்ளையர் அல்லர், தமிழர். ஒரே சபை, இரண்டு மொழி, இரண்டு எழுத்து. ஒன்றின் அச்சு இயந்திரத்தைப் படை வந்து தூக்கியது. மற்றதுக்கு அந்தக் கதி வரவில்லை.

#18 மசிக்கறை

பனையோலை, இதை நான் எங்குமே கேள்விப்பட்டதில்லை. மிக்க நன்றி.

#19 கனெக்டிகட்குளிர்

பழம்பெருமை பேசும்போது இன்னொன்றும் சேர வேண்டும். கூரன்ட்டின் பழைய இதழ்களில் அடிமைகளை விற்கும் விளம்பரமும், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் விளம்பரமும் உண்டு. 2000-ல் அந்தப் பத்திரிகை அதற்காகத் தன் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது. வடக்கு மாநிலம், சுதந்திரம் பேசிய பத்திரிகை, அங்கேயே இது.

நீண்ட ஆயுள் என்றால் 1884-ல் கிறிஸ்டஃபர் பெரி தொடங்கிய ‘ஃபிலடெல்ஃபியா ட்ரிப்யூன்’ இன்றும் வருகிறது. கறுப்பினப் பத்திரிகைகளில் நிற்காமல் வருவதில் அதுதான் மூத்தது. இது எந்த வினாடிவினாவிலும் வருவதில்லை.

கூரன்ட்டுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜெஃபர்சன் ஆட்சி ஸ்பெயினோடு ஒப்பந்தத்துக்காக நெப்போலியனுக்கு ரகசியமாக 20 லட்சம் டாலர் கொடுத்தது என்று 1806-ல் கூரன்ட் எழுதியது. அரசு அவதூறு வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1812-ல் தீர்ப்பு: நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் குற்றம் என்று சொல்லாத ஒன்றுக்கு, பழைய பொதுச் சட்ட மரபை மட்டும் வைத்து மத்திய நீதிமன்றம் தண்டிக்க முடியாது. ‘அமெரிக்க அரசு எதிர் ஹட்சன், குட்வின்’ என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும். குட்வின் யார் தெரிகிறதா? பூனையார் சொன்ன அதே பையன்தான். ஹட்சன் ஹன்னாவின் இரண்டாவது கணவர்.

#20 குடவோலை

அட! இதைச் சொல்லாமல் எங்கே வைத்திருந்தீர்கள்?

#21 வாடகைவீடு

நான் டென்வரில் சில வருடம் இருந்தவன். அங்கே ‘ராக்கி மவுண்டன் நியூஸ்’ 1859 ஏப்ரல் 23-ல் பிறந்தது. 1864-ல் செர்ரி ஓடையில் வெள்ளம் வந்து அலுவலகமும் இயந்திரமும் அடித்துக்கொண்டு போயின. அதிலும் பிழைத்தது. 2009 பிப்ரவரி 27-ல் மூடினார்கள். நூற்றைம்பதுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. வெள்ளத்துக்குத் தப்பியது விளம்பர வருமானம் வற்றியதற்குத் தப்பவில்லை. ஊரில் இரண்டு பெரிய பத்திரிகை, சின்ன வரி விளம்பரமெல்லாம் இணையத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

நியூ ஆர்லியன்ஸ் ‘பிக்கயூன்’ 1837. விலைக்குக் கொடுத்த சின்ன ஸ்பானிஷ் காசின் பெயரே பத்திரிகைக்குப் பெயர். 2005-ல் கத்ரினா புயலில் மூன்று நாள் இணையத்தில் மட்டும் வந்தது. அது ‘நின்றதா’ இல்லையா? முரண்டன் தீர்ப்புச் சொல்லட்டும். 2025 கடைசி நாளோடு அட்லாண்டா ‘ஜர்னல் கான்ஸ்டிடியூஷன்’ அச்சை நிறுத்தி முழுக்க இணையத்துக்குப் போனது. 1868-ல் தொடங்கிய மரபு. தாள் இல்லை, செய்தி உண்டு. கோயில் இருக்கிறதா, போயிற்றா?

#22 முரண்டன்

உற்சவர் வெளியூர் போயிருக்கிறார். மூலவர்... தெரியவில்லை ஐயா. யோசித்துச் சொல்கிறேன்.

#23 சில்லறைக்கணக்கு

எண்ணுவதை நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. நியூயார்க் டைம்ஸ் 1851-ல் தொடங்கியது. முகப்பில் இதழ் எண் போடுவார்கள். 1898 பிப்ரவரியில் 14,499-க்கு அடுத்த நாள் 14,500 போட வேண்டியவர் 15,000 என்று போட்டுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. நூறு வருடத்துக்கும் மேல் ஐந்நூறு இதழ் வயதைக் கூட்டிக்கொண்டே வந்தது. 1999 டிசம்பர் 31 இதழின் எண் 51,753. மறுநாள், 2000 ஜனவரி 1-ல், 51,254. தவறு நேர்ந்தது என்று சொல்லித் திருத்திக்கொண்டார்கள்.

#24 ஈயஎழுத்து

ராத்திரி வேலையில் அந்த ஐந்நூறு எப்படி நழுவியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஒருமுறை திருமணப் பத்திரிகையில் தேதியை மாற்றிக் கோத்து, முகூர்த்தத்தையே ஒரு வாரம் தள்ளிப் போட்டவன்.

#25 கேள்விக்குறி

வணக்கம். மசிக்கறை குறிப்பிட்ட அந்த வினாடிவினாவை நடத்தியவன் நான்தான். இந்த இழையை யாரோ எனக்கு அனுப்பினார்கள். முழுசாகப் படித்தேன்.

கேள்வியை நான் ஒரு பழைய பொது அறிவுப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். ‘தொடர்ந்து’ என்ற சொல் அதில் இருந்ததா, நான் விட்டுவிட்டேனா, நினைவில்லை. இரண்டு விடைக்கும் ஆதாரம் இருப்பதால் அரை மதிப்பெண், அதாவது ஐந்து, மசிக்கறை அணிக்குச் சேர்க்கப்படுகிறது.

#26 மசிக்கறை

பெருந்தன்மைக்கு நன்றி ஐயா. தோற்றது ஆறில். இப்போது ஒன்றில் தோற்றிருக்கிறோம்.

முரண்டன் அண்ணா, மேல்முறையீட்டுக்கு எங்கே போவது?

#27 முரண்டன்

மனுவை எழுது தம்பி. எண் 00 என்று போட்டுத் தொடங்கு.